சொண்டு பொருந்தும் நாட்கள்

2020ஆம் ஆண்டு மே மாத நடுவில், ஊரடங்கு தளர்ந்தும் தளராமலும் இருந்த நாட்களில், என் மகனுக்கு முதற்பிள்ளை பிறந்தது. கொரோனாக் கட்டுப்பாடு காரணமாகப் பிரசவ விடுதிக்குள் எங்கள் பக்கத்திலிருந்து எவரையும் விடவில்லை. ஆகவே உரும்பிராயில் வீட்டு விறாந்தையில் காத்திருந்த எனக்கும் என் கணவருக்கும் பேரனின் முகம் முதலில் மகனின் கைத்தொலைபேசியில்தான் கிடைத்தது. மேற்சொண்டு இடப்பக்கமாக மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. பிளவின் ஊடாக முரசின் இளஞ்சிவப்புத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் சொன்ன முதற் சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன்: “கிரகணத்தண்டு கத்தி பிடியாதை எண்டு அப்பவே சொன்னனான்தானே.” முப்பது வருடத்துக்கு மேல் பாடசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். பிள்ளை பால் குடிக்கிறதா, தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

நான் சொன்னது 2019 டிசெம்பர் 26ஆம் திகதிக் கிரகணத்தை. அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்துக்கு மேலாகவே சென்றது. காலை வெயில் மங்கி, முற்றத்து மண் சாம்பல் பூசியது போலான அந்த நேரத்தை இங்கே பலர் மறந்திருக்கமாட்டார்கள். அமாவாசை என்பதால் வீட்டில் மரக்கறிச் சமையல். மருமகள் குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்க் கத்தியை வாங்கி வைத்தேன். ஆனால் அதற்குள் பாதிக் காய் துண்டாகிவிட்டிருந்தது. அந்தப் பாதிப் பூசணிக்காயை ஐந்து மாதமாக மனதில் வைத்திருந்திருக்கிறேன் என்பது எனக்கே அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நான் சொன்னதை மகன் போய் மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் தெரிந்துவிடுகிற வீடுகள் எங்களுடையவை. பிள்ளையைக் கொண்டுவந்த அன்று அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு எவரையும் அழைக்கவில்லை; நோய்த்தொற்றுக் காலம் என்று சொன்னால் ஊர் நம்பும். ஊரடங்கு எங்களுக்கு வசதியாகப் போயிற்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்த எண்ணத்தை உடைத்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளையின் நிறை பார்க்க வீட்டுக்கு வந்தவரிடம், மருமகளும் கேட்கும்படியாக, நான் கிரகணக் கதையைத் தொடங்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கர்ப்பிணித் தாய் அட்டையை எடுத்து, கடைசி மாதவிடாயின் முதல் நாளைப் பார்த்தார்: 2019 ஓகஸ்ட் 15. பிறகு சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரை உயர்த்தினார். பழைய கலண்டரைக் கழற்றாமல் அதே ஆணியில் புதியதையும் மாட்டுவது எங்கள் வழக்கம் என்பதால் 2019 பின்னாலேயே இருந்தது. பேனாவின் பின்பக்கத்தால் கட்டம் கட்டமாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார்.

நல்லூர்த் திருவிழா முடியும் தறுவாயில் கரு தங்கியிருக்கும். செப்டெம்பர் இருபதளவில், அதாவது கருத்தரித்து இருபத்திரண்டாம் நாளளவில், பிள்ளையின் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். இருபத்தெட்டாம் நாளளவில், நவராத்திரிக்குக் கும்பம் வைப்பதற்கு முன்னரேயே, மூளையும் முள்ளந்தண்டு நாணும் ஆகப்போகிற நரம்புக் குழாய் மூடியிருக்கும். நவராத்திரி நாட்களில், நாங்கள் அவலும் கடலையும் படைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தின் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வரும் தசை மடிப்புகள் நடுவில் சந்தித்து மேற்சொண்டாகப் பொருந்தும். கந்தசட்டி விரதத்தோடு, வாயின் மேற்கூரையான அண்ணத்தின் இரு தட்டுகளும் ஒன்றையொன்று தொடும். கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் அந்த வேலையும் முடிந்துவிடும். பேனா கடைசியாக டிசெம்பர் 26ஆம் கட்டத்தில் வந்து நின்றது. “கிரகணம் வந்த நேரம் பத்தொன்பதாவது கிழமை, அம்மா. சொண்டு பொருந்தவேண்டிய நாள் போய் ரெண்டு மாசத்துக்கு மேல. பூசணிக்காய்க்கு இதில வேலையில்லை.” கலண்டரைத் திரும்ப மடக்கிவிட்டு, தராசை வெளியே எடுத்தார். மருமகள் அறைக்குள் இருந்து அழுத சத்தம் கேட்டது. அது கவலையில் அழுத அழுகை அல்ல என்று எனக்கு விளங்கியது.

பின்னர் வாசித்து அறிந்தபோது வியப்பாக இருந்த ஒன்றையும் சொல்கிறேன். மெக்சிக்கோவிலும் கிரகணத்தையும் பிளந்த சொண்டையும் முடிச்சுப் போடுகிற நம்பிக்கை பழங்காலம் தொட்டு இருக்கிறது. அங்கே கர்ப்பிணிகள் கிரகணத்தன்று உடையில் ஊசியோ திறப்போ ஏதாவது இரும்புத் துண்டைக் குத்தி வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இரும்பு பிள்ளையைக் காக்கிறது. இங்கே இரும்பு பிள்ளையைக் கெடுக்கிறது. கிரகணமே தெரியாத ஊர்களிலும் ஆண்டுகளிலும் உலகில் ஏறத்தாழ 700 பிள்ளைகளுக்கு ஒருவர் சொண்டோ அண்ணமோ பிளந்து பிறக்கிறார்கள்.

அப்படியென்றால் காரணம் என்ன? கிளினிக்கில் வைத்தியரிடம் என் மகன் இதை மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் கிடைத்த விடை, “தனியாக ஒன்றைக் காட்ட முடியாது” என்பதுதான். அந்த விடையை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு நாளெடுத்தது. பிறவிக் குறைபாடுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் குறிப்பிட்ட காரணம் ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. மற்றவற்றில் சில, நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கை கூடுவதாலோ குறைவதாலோ வருபவை. சில, ஒற்றைப் பரம்பரை அலகின் (ஜீனின்) பிழையால் வருபவை. சில, தாய்க்கு ஏற்பட்ட தொற்று, தாய் குடித்த மருந்து, கட்டுப்படாத நீரிழிவு, ஊட்டக் குறைவு, மது, புகை ஆகியவற்றால் வருபவை. சொண்டுப் பிளவு பெரும்பாலும் இவற்றில் எதுவுமே தனியாகச் செய்வதல்ல. பல அலகுகளின் சிறு சாய்வும் சூழலின் சிறு தள்ளலும் அந்த ஒரு சில நாட்களில் ஒன்றுசேரும்போது வருவது. தாய் புகைபிடிப்பது அந்தத் தள்ளல்களில் ஒன்று என்று தெரியும். எங்கள் வீட்டுப் பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் என் கணவரின் சுருட்டு நாற்பது வருடமாக அதே விறாந்தையில் புகைந்தது. அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு பழியை இறக்கி வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்குவதில் பயனில்லை. சுருட்டு மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

அந்த நாட்களில் எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது காரணம் அல்ல, பால் கொடுக்கும் வழி. பேரன் 2.8 கிலோ நிறையோடு பிறந்தான். பன்னிரண்டாம் நாள் 2.5 கிலோவாக இருந்தான். சொண்டு மட்டும் பிளந்த பிள்ளை பெரும்பாலும் ஓரளவு முலைப்பால் குடித்துவிடும். எங்கள் பேரனைப் போல அண்ணமும் பிளந்த பிள்ளையால் வாயை அடைத்து உறிஞ்ச முடியாது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கூரை இல்லாத வீடு அது. பேரன் முலையைப் பற்றுவான், தாடை அசையும், ஐந்து நிமிடத்தில் களைத்து நித்திரையாவான். பால் இறங்கவே இறங்காது. இறங்கிய சிறிதும் மூக்கால் வரும். பசியோடு நித்திரையாகிற பிள்ளையை “சமத்தான பிள்ளை” என்று நான் பாராட்டிய நாட்கள் அவை.

வழியைக் காட்டியவர் ஒரு தாதி. பிள்ளையைப் படுக்க வைத்துக் கொடுக்காமல், இடது கையில் ஏறக்குறைய இருத்தினாற் போல நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். கறந்த தாய்ப்பாலை, கையால் மெல்ல அமுக்கினால் பால் வரக்கூடிய மென்மையான போத்தலிலோ, சிறு கோப்பையிலோ, கரண்டியிலோ கொடுக்கவேண்டும். போத்தலின் சூப்பியைப் பிளவு இல்லாத பக்கமாக வைத்து, பிள்ளை தாடையை அசைக்கும் தாளத்துக்கு அமுக்கவேண்டும். அவன் விழுங்கும்வரை பொறுக்கவேண்டும். இடையிடையே தோளில் போட்டுக் காற்றை வெளியேற்றவேண்டும், ஏனென்றால் இப்பிள்ளைகள் பாலைவிடக் காற்றைத்தான் அதிகம் விழுங்குவார்கள். ஒரு நேரப் பால் அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுபட்டால் குடித்த சக்தியைக் குடிப்பதிலேயே செலவழித்துவிடுவான் என்றும் சொன்னார். மூக்கால் பால் வந்தபோது நான் முதலில் பதறினேன். பிறகு பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த மிடறுக்குப் போகப் பழகினேன். மருமகள் கறந்து தர, இரவு ஒரு மணிப் பாலை நான் கொடுப்பேன். அவளும் நானும் மறுபடி கதைக்கத் தொடங்கியது அந்த ஒரு மணிக்குத்தான். ஒரு மாதத்தில் நிறை மூன்று கிலோவைத் தாண்டியது.

சொண்டு பிளந்திருந்ததால் எங்களுக்கு உடனே தெரிந்தது. அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. பால் மூக்கால் வருவது, நிறை ஏறாமை, இருமல் என்று கிழமைகள் கழிந்த பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பிள்ளையைக் கிளினிக்கில் கண்டோம். பிறந்த பிள்ளையின் வாய்க்குள் வெளிச்சம் அடித்து அண்ணத்தின் பின்பகுதி வரை பார்த்தார்களா என்று கேட்பது எந்தத் தாய்க்கும் உரிய கேள்வி. கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. அதே போல முதுகின் நடுக்கோடு, மலவாசல், பாதங்கள், இடுப்பு மூட்டு, கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதா என்பது, பால் குடிக்கும்போது சொண்டு நீலம் பாரிக்கிறதா என்பது ஆகியவையும் பார்க்கப்படவேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உண்டு. தைரொயிட் சுரப்பு இல்லாமல் பிறக்கும் பிள்ளை முதற் கிழமைகளில் சாதாரணப் பிள்ளை போலவே இருக்கும். குதியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் அது பிடிபட்டால் நாளொரு குளிசையோடு புத்தி வளர்ச்சி காப்பாற்றப்படுகிறது; பிடிபடாவிட்டால் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. குதியில் குத்தவேண்டாம், பிள்ளை அழும் என்று தடுக்கும் பாட்டிமார் என்னை நினைத்துக்கொள்ளட்டும்.

கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்த மாதங்களில் குறைபாடுகளின் வகைகளை நான் நூலில் படிக்காமல் மடிகளில் படித்தேன். எங்களுக்குப் பக்கத்தில் அடிக்கடி உட்காரும் ஒரு தாயின் பிள்ளைக்கு இரு பாதங்களும் உள்நோக்கித் திரும்பியிருந்தன. என் சிறிய தந்தையார் ஒருவர் அப்படிப் பிறந்தவர். 1940களில் எண்ணெய் உருவி விட்டதோடு சரி. சாகும்வரை பாதத்தின் வெளிவிளிம்பால் நடந்தார். இந்தப் பிள்ளைக்கோ கிழமைக்கு ஒரு தடவை பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தொடை வரை பிளாஸ்ரர் போட்டார்கள். ஆறு தடவை மாற்றிய பின் குதித் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. பிறகு இரு சப்பாத்துகளை ஒரு கம்பியால் இணைத்த அணி. பொன்செற்றி என்ற வைத்தியர் அமெரிக்காவின் அயோவாவில் உருவாக்கிய முறை இது. முதல் மூன்று மாதம் நாளுக்கு இருபத்துமூன்று மணித்தியாலம், பிறகு நான்கைந்து வயது வரை நித்திரையின்போது அந்த அணி காலில் இருக்கவேண்டும். பாதம் நேராகிவிட்டது, பிள்ளை அழுகிறது என்று அணியைக் கழற்றி வைக்கும் வீடுகளில்தான் பாதம் மறுபடி திரும்புகிறது. அந்தத் தாய் கழற்றவில்லை. இன்று அந்தப் பெண்பிள்ளை பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறாள்.

இன்னொரு தாய்க்கு வயது இருபத்துமூன்று. அவளுடைய பிள்ளைக்கு டவுண் கூட்டறிகுறி. இருபத்தோராவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே இதற்குக் காரணம் என்று 1959இல் பிரான்சு நாட்டு வைத்தியர் லெஜூன் முதலியோர் காட்டினார்கள். “வயது போன தாய்மாருக்குத்தானே இது வரும்?” என்று உறவினர்கள் கேட்டுக் கேட்டு அவளை வருத்தியிருக்கிறார்கள். வயதோடு வாய்ப்பு ஏறுவது உண்மை. முப்பத்தைந்து வயதில் ஏறத்தாழ 350க்கு ஒன்றாக இருப்பது நாற்பதில் 100க்கு ஒன்றளவுக்கு வருகிறது. ஆனால் பிள்ளை பெறுவோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள் என்பதால் இளம் தாய்மாருக்குப் பிறக்கும் இத்தகைய பிள்ளைகளும் பலர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்திலும் குறை இருக்கும். எனவே முகத்தை மட்டும் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிராமல் இதயத்தை எக்கோ பரிசோதனை செய்துவிடவேண்டும். அவளுடைய பிள்ளைக்கு இதய அறைகளுக்கு இடையில் ஒரு துளை இருந்தது. அத்தகைய துளைகளில் சிறியவை பல தாமாகவே மூடிக்கொள்கின்றன, சிலவற்றுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். பிறவிக் குறைபாடுகளில் மிகப் பரவலான வகைகளில் ஒன்று இதயக் குறைபாடுதான். நூறு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பழைய பழக்கத்தில் என் வாயில் வந்த ஒரு சொல்லை அந்தத் தாய் திருத்தினாள். கோண்டாவிலில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே சிவபூமி பாடசாலை இருப்பதையும் அவளே சொன்னாள். சொற்களை விற்றுச் சம்பளம் எடுத்த எனக்கு அது தேவைதான்.

என் தங்கை வீட்டில் நடந்தது வேறு. அவளுடைய மகள் தன் மச்சானையே கலியாணம் முடித்தாள். காணி வெளியே போகாது, சீதனப் பேச்சில் மனக்கசப்பு வராது என்பதெல்லாம் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த நியாயங்கள். முதற்பிள்ளை காது கேளாமல் பிறந்தது. இரண்டு வயது வரை “ஆம்பிளைப் பிள்ளை, பேச்சுப் பிந்தும்” என்று இருந்துவிட்டார்கள். நேர் மச்சான் மச்சாளுக்கிடையே பரம்பரை அலகுகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். ஒரு அலகின் பழுதான பிரதி ஒன்றை இருவருமே நோயின்றிச் சுமந்திருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால் நோய் வெளிப்படுகிறது. குறைபாட்டோடு பிள்ளை பிறப்பதற்கு எல்லாத் தம்பதியருக்கும் நூற்றுக்கு மூன்றளவில் இருக்கும் வாய்ப்பு இவர்களுக்கு இரண்டு மடங்களவுக்குப் போகலாம். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள்; அதனால்தான் “எங்கள் அப்பாச்சியும் சொந்தத்துக்குள்தானே முடித்தா” என்ற வாதம் தோற்காமல் நிற்கிறது. முடித்தவர்களைக் குறை சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் அக்குடும்பத்தில் காது, கண், இரத்தம், வலிப்பு என்று ஏதேனும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் கலியாணத்துக்கு முன்னரோ கருவுக்கு முன்னரோ வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், பிறக்கும் பிள்ளைக்குச் செவிப் பரிசோதனையை முதல் மாதங்களிலேயே செய்யவேண்டும். தங்கையின் பேரன் பிறகு கைதடி நவீல்ட் பாடசாலைக்குப் போனான். கைமொழியில் அவன் கதைக்கும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

தொற்றுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எங்கள் தீவு வென்றிருக்கிறது. ஜேர்மன் சின்னமுத்து என்று நாங்கள் சொல்லும் ருபெல்லா, தாய்க்கு இரண்டு நாள் மெல்லிய காய்ச்சலும் தடிப்பும்தான். ஆனால் முதல் மாதங்களில் வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். 1941இல் அவுஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் வைத்தியர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கண்டு, தாய்மாரின் கர்ப்பகால நோயோடு அதைத் தொடர்புபடுத்தினார். நான் படிப்பித்த காலத்தில் மாணவிகளுக்கு அந்தத் தடுப்பூசி போட வந்தபோது, கலியாணமாகாத பிள்ளைகளுக்கு எதற்கு என்று மறுத்துக் கடிதம் எழுதிய பெற்றோர் உண்டு. இப்போது ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். இலங்கையிலிருந்து ருபெல்லா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2020இல், எங்கள் பேரன் பிறந்து இரண்டு மாதத்தில், அறிவித்தது.

மருந்து விடயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் எனக்கு இன்னும் பயம் தருகிறது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் நித்திரைக்கும் வாந்திக்கும் நல்லது என்று விற்பனைக்கு வந்த தலிடோமைட், 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கையும் காலும் குறுகிப் பிறக்கவைத்தது. கருத்தரித்து மூன்றாம் கிழமைக்கும் ஐந்தாம் கிழமைக்கும் இடைப்பட்ட நாட்களில் குடித்தவர்களுக்கே அந்தக் கேடு நேர்ந்தது. இன்றும் வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேற், கடும் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், இதய வால்வு மாற்றியவர்கள் குடிக்கும் வோர்பரின், மூட்டு வாதத்துக்கான மெதோட்ரெக்சேட் முதலியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. இதைக் கேட்டுவிட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தாயின் உயிருக்கே கேடு வரலாம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, கரு தங்குவதற்கு முன், வைத்தியரிடம் போய் மாற்று மருந்து கேட்கவேண்டும். கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று மகளின் வலிப்பை மறைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் கணவன் வீட்டாருக்குத் தெரியாமல் குளிசையைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள், கிளினிக்கிலும் சொல்லவில்லை. பிள்ளை முள்ளந்தண்டு மூடாமல் பிறந்தது.

எங்கள் பேரனின் பிளவை இருபதாவது கிழமை ஸ்கான் காட்டவில்லை. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கிடந்தான் என்றார்கள். ஸ்கான் பலவற்றைக் காட்டும், எல்லாவற்றையும் காட்டாது. “ஸ்கானில் எல்லாம் சரி” என்ற வசனத்தை நாங்கள்தான் அளவுக்கு மீறி நம்பியிருந்தோம். காட்டினாலும் இந்நாட்டில் வழிகள் குறைவு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மண்டையோடு உருவாகாத பிள்ளை என்று ஐந்தாம் மாதத்தில் அறிந்தும் அதை முழு மாதமும் சுமந்து பெற்ற என் சினேகிதியின் மகளிடம், சட்டத்தைப் பற்றி எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

2022இல் மருமகள் அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசியபோது, நாங்கள் முதலிலேயே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனோம். சொண்டுப் பிளவோடு ஒரு பிள்ளை பிறந்த குடும்பத்தில் அடுத்த பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை என்றார்கள். போலிக் அமிலம் என்ற விற்றமினைக் கரு தங்குவதற்கு ஒரு மாதமாவது முன்னரே தொடங்கவேண்டும். பொதுவான அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம், முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு முன்னர் பிள்ளை பெற்றவர்களுக்கும் வேறு சிலருக்கும் வைத்தியர் அதைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் எழுதுவார். 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு, அத்தகைய தாய்மாரில் மறுபடி அக்குறைபாடு வருவதை இந்த விற்றமின் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைத்ததைக் காட்டியது. சொண்டுப் பிளவைத் தடுப்பதில் அதன் பங்கு அவ்வளவு உறுதியானதல்ல என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். கலண்டரில் எண்ணிய நாட்களை நினைத்தால் “முன்னரே” என்ற சொல்லின் பொருள் தானாக விளங்கும். மாதவிடாய் தள்ளிப்போய், இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்து, பிறகு கிளினிக்குக்குப் போய்க் குளிசை வாங்கும்போது நரம்புக் குழாய் ஏற்கெனவே மூடியிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்தால் இக்குளிசை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கலியாணமான கையோடு அங்கே போவதை எங்கள் ஆட்கள் கூச்சமாக நினைக்கிறார்கள். இரண்டாவதாகப் பேத்தி குறையின்றிப் பிறந்தாள். குளிசையால் என்று நான் சொல்லமாட்டேன்.

மூத்தவனின் சொண்டை ஐந்தாம் மாதத்தில் தைத்தார்கள். பத்துக் கிழமை வயது, பத்து இறாத்தல் நிறை, பத்துக் கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்தியர்கள் ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நிறைக்கு அவனைக் கொண்டுவரத்தான் அத்தனை இரவுப் பால். சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வந்தவனை நான் ஒரு கணம் அடையாளம் காணவில்லை. பிளந்த முகத்துக்கே பழகிப்போயிருந்தேன். கையால் தையலைப் பிய்க்காமல் முழங்கை மடங்காத துணி உறை போட்டிருந்தார்கள். அண்ணத்துக்கு 2021 ஓகஸ்ட்டில் வைத்த திகதி கொரோனாவால் தள்ளிப்போய், 2022 தைப்பொங்கல் கழிந்து, அவனுக்கு இருபது மாதமானபோதுதான் தைத்தார்கள். அதற்குள் நடுச்செவியில் நீர் கட்டிச் செவிப்பறைக்குள் சிறு குழாய் வைக்கவேண்டி வந்தது. அண்ணம் பிளந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த நீர் கட்டும். அதைக் கவனிக்காவிட்டால் பேச்சுக்கு இரட்டை இடி. முரசில் இருக்கும் இடைவெளிக்கு எலும்பு வைத்தல் எட்டு, ஒன்பது வயதளவில் இன்னும் இருக்கிறது.

பேச்சுச் சிகிச்சைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என்று சூத்திரம் ஒப்புவிக்கச் செய்தவள், அதன் பொருளை இவனுடைய வாயில்தான் கண்டேன். அண்ணம் சரியாக மூடாதபோது வாய்க்குள் காற்றை அடைத்து வெடிக்கவிட முடியாது. ஆகவே வல்லெழுத்தெல்லாம் மூக்கு வழியாக ஓடி மெல்லெழுத்தாகிவிடும். இவன் ‘அப்பா’ என்று கூப்பிட்டால் ‘அம்மா’ என்று கேட்கும். என்னை ‘அப்பம்மா’ என்று கூப்பிட்டால் ‘அம்மம்மா’ என்று கேட்கும். சம்பந்தியம்மா வந்திருக்கும் நாட்களில் நாங்கள் இருவரும் ஒருமிக்கத் திரும்பிப் பார்ப்போம். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அவர் எழும்புவார், அவன் என் சேலையைப் பிடிப்பான்.

சிகிச்சையாளர் ஒரு சிறு கண்ணாடியை மூக்குத் துவாரத்தின் கீழ் பிடிக்கச் சொல்லித் தந்தார். ‘பா’ என்று சொல்லும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கால் போகிறது; படியாவிட்டால் வாயால் போகிறது. நாளுக்குப் பத்து நிமிடம், இரண்டு வேளை, விளையாட்டைப் போல. மூன்றரை வயதில் ஒருநாள் கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டபோது நடுவில் ஒரு ‘ப்’ வெடித்தது. கண்ணாடி கையில் இல்லை. ஆனால் சம்பந்தியம்மா விறாந்தையில் இருந்தார், அவர் எழும்பவில்லை. ‘ட்’டும் ‘த்’தும் அதற்குப் பிறகு வந்துவிட்டன. ‘ச்’ இன்னும் மூக்கால்தான் சீறுகிறது. அடுத்த தவணை வரும் புதன்கிழமை காலை எட்டரைக்கு.